பிறர் கூற்றும் பொருள் மதிப்பும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறச் சந்தைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பொருளைக் கண்ணால் காணாமலும் கையால் தொடாமலும் விலை கொடுத்து வாங்கும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் பெருகியுள்ளது. இணையச் சந்தையில் வாங்க வருவோர், தமக்கு முன் அப்பொருளை வாங்கியோர் எழுதிவைத்த மதிப்புரைகளைப் படித்தே முடிவுக்கு வருகின்றனர். அமெசான் நிறுவனம் 1995 முதல் வாங்குவோர் மதிப்புரைகளை வெளியிட்டது. 1999-இல் அமெரிக்காவில் தோன்றிய எபினியன்ஸ் என்னும் தளம் இன்னொரு படி மேலே சென்றது. அதில் மதிப்புரை எழுதியோர் ஒருவர் மற்றவரின் மதிப்புரையையும் மதிப்பிட்டனர்; தாம் நம்பும் எழுத்தாளர்களைப் பட்டியலிட்டு ‘நம்பிக்கை வலை’ ஒன்றைப் பின்னிக்கொண்டனர்; நம்பாதோரை விலக்கியும் வைத்தனர். இந்தியாவில் 2000-இல் தொடங்கிய மவுத்ஷட் தளமும் இவ்வழியில் வந்ததே.

பொருளை மதிப்பிடுவது ஒரு திறன். பொருளைப் பற்றிய பிறர் கூற்றை மதிப்பிடுவது வேறொரு திறன். இரண்டாவதனைப் பற்றிப் பொருளியலாரும் கணினியியலாரும் மிகுதியாக எழுதியுள்ளனர். ஆனால் இத்திறன் இணையத்தோடு பிறந்ததன்று. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பாலக்காட்டுக் கணவாய், இடுக்கி மலைத்தொடர் ஆகிய எல்லைப்புறங்களின் சந்தைகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ் இலக்கண இலக்கியச் சான்றுகளோடு இணைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. பிறர் கூற்றை நம்புவதற்கு அடிப்படையாகக் கூறுபவரின் அண்மையைக் கொள்வதா, அன்றி அவரது பற்றின்மையைக் கொள்வதா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

ஆகமமும் ஐதிகமும்

மணிமேகலையின் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அளவைகள் பத்தினை எடுத்துரைக்கிறான். அவற்றுள் காண்டல், கருதல் ஆகியன நாம் நன்கறிந்தவை. பிறர் கூற்றின் வழி அறிவு பெறுதலுக்கு அங்கு ஒன்றல்ல, இரண்டு அளவைகள் பேசப்படுவது நோக்கத்தக்கது. ஒன்று ஆகமம், அறிவுடையோன் ஒருவன் கூறிய நூலின் வழித் தெளிதல். மற்றொன்று ஐதிகம், இம்மரத்தில் பேய் உள்ளது என்பது போல, முதலில் சொன்னவர் யாரென அறியாவிடினும் ஊரார் சொல்லிவருவதை ஏற்றல். இரண்டுமே பிறர் சொல்தான். எனினும் ஒன்றில் சொன்னவருக்குப் பெயரும் தகுதியும் உண்டு. மற்றொன்றில் எண்ணிக்கை மட்டுமே உண்டு. பின்னர் அறவண அடிகள் பௌத்த நெறியின்படி காண்டல், கருதல் ஆகிய இரண்டை மட்டுமே அளவையாகக் கொண்டு, பிறவற்றை அவற்றுள் அடக்குகிறார்.

இணையத் தளங்களில் பொருளின் பெயருக்குக் கீழே மின்னும் விண்மீன்களின் சராசரி ஐதிகத்தின் பாற்படும். ஓராயிரம் பேர் சொன்னதன் திரட்சி அது. அவர்கள் யாரென்பது தெரியாது. அதற்குக் கீழே ஒருவர் தம் பெயரோடு, எத்தனை மாதம் பயன்படுத்தினார், எங்கே குறை கண்டார் என எழுதியிருப்பது ஆகமத்தின் சாயலுடையது. தேர்ந்த மதிப்புரையாளர் முன்னதை விரைந்து கடந்து பின்னதில் நின்று வாசிப்பதைக் காண்கிறோம். அளவைவாதி வகுத்த வேறுபாட்டை அவர் பெயரறியாமலே கையாள்கிறார் எனலாம்.

சங்கப் புலவர் பெயர்களில் வண்ணக்கன் என்னும் அடை வருவதும் இங்கு எண்ணத்தக்கது. வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் முதலியோர் நாணயத்தின் தரம் பார்க்கும் தொழிலோடு தொடர்புடையோர் என்பது உரையாளர் கருத்து. பிறர் சார்பில் தரம் கண்டு சொல்வது தனித்தொழிலாகவே அக்காலத்தில் நிலவியது என்பதற்கு இப்பெயர்கள் போதிய சான்று.

நன்னூலாரின் நால்வர்

மதிப்புரை என்பதற்கு நிகரான பழந்தமிழ் வடிவம் சிறப்புப்பாயிரம் ஆகும். நூலொன்றைக் கற்கப் புகுவோனுக்கு அந்நூல் கற்கத்தக்கதே என்று பிறர் உறுதியளிக்கும் செய்யுள் அது. நன்னூலார் இதற்கு வரம்பு கட்டுகிறார். நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது. பாயிரம் செய்தற்கு உரியோர் நால்வர்: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், உரைகாரன். தற்புகழ்ச்சி குற்றமாகாத இடங்களையும் அவர் தனியே எடுத்தோதுகிறார். தன் ஆற்றலை அறியாதவரிடத்தும், மன்னனுக்கு எழுதும் ஓலையிலும், அவையிலும், பிறன் தன்னைப் பழித்த இடத்தும் அஃது ஏற்கப்படும்.

இந்நால்வர் பட்டியலை இன்றைய நுகர்வோர் சட்டம் அறிந்த ஒருவரிடம் காட்டினால் அவர் வியப்புறுவார். நால்வரும் நூலாசிரியனுக்கு வேண்டியவர்கள். ஆசிரியனுக்குத் தன் மாணாக்கன்மேல் பற்று உண்டு. மாணாக்கனுக்கு ஆசிரியன்மேல் கடப்பாடு உண்டு. உடன் கற்றவனோ நண்பன். உரைகாரனின் புகழ் மூலநூலின் புகழோடு கட்டுண்டது. இக்கால விதிப்படி நால்வருமே விலக்கத்தக்கோர். நன்னூலார் இதனை அறியாதவர் அல்லர். தற்புகழ்ச்சியை விலக்கியவர், தன்னைச் சார்ந்தோர் புகழ்ச்சியில் உள்ள ஐயத்தை அறியாமல் இருந்திருக்க முடியாது. அறிந்தும் அவர்களைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றே இருக்கக்கூடும்: நூலின் உள்ளீடு அறிந்தோர் அவர்களே. அறியாதவனின் நடுநிலையைவிட அறிந்தவனின் சார்புடைய சொல் பயனுடையது என்பது அவ்விதியின் உட்கிடை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு நூல்களின் முன்பக்கங்களைச் சாற்றுகவிகள் நிரப்பத் தொடங்கியபோது இம்மரபு தன் எல்லையைத் தாண்டிற்று. நூலைப் படித்தறிந்தோர் மட்டுமன்றி, நூலாசிரியர் வேண்டியதற்காகப் பாடிக் கொடுத்தோரும் பெருகினர். எண்ணிக்கை கூடியது, ஒவ்வொன்றின் எடை குறைந்தது. இணையத்தில் இன்று காண்பது இதன் மறுவடிவமே.

பொற்கொல்லன் சொல்லும் குன்றக்குறவர் சொல்லும்

அண்மை, பற்றின்மை ஆகிய இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் காப்பியம் சிலம்பு. அதிலும் ஒரு பாதி நிகழ்வு இன்றைய இடுக்கி மலைப்பகுதியைச் சார்ந்தது.

கொலைக்களக் காதையில் கோவலன் தன் சிலம்பை மதிப்பிடுமாறு கேட்பது ஒரு பொற்கொல்லனை. அணிகலனை மதிப்பிட அவனினும் தகுதியுடையார் இலர். அரண்மனை வேலை செய்பவன். தகுதி, அண்மை, தொழில் அறிவு என அனைத்தும் அவனிடம் உண்டு. இல்லாதது ஒன்று: அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே ஆதலின், அம்மதிப்பீட்டில் அவனுக்குத் தன்னலம் இருந்தது. பாண்டியன் அவன் தகுதியை நோக்கினான், தன்னலத்தை நோக்கவில்லை. ஒரே ஒருவர் சொல்லை, மற்றொருவர் சொல்லோடு ஒப்பிடாமல் ஏற்றான். பின்னர் வழக்குரை காதையில் உண்மை எவ்வாறு வெளிப்படுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. அங்குச் சான்றாளர் எவரும் அழைக்கப்படவில்லை. சிலம்பே உடைக்கப்படுகிறது; பரல் முத்தா மாணிக்கமா என்பது கண்ணுக்குத் தெரிகிறது. உரையளவை தோற்ற இடத்தில் காண்டலளவை வென்றது.

இனி மலைக்கு வருவோம். வேங்கை மரத்தின் கீழ் ஒரு முலை இழந்த பெண் ஒருத்தி நின்று வானகம் சென்றதைக் கண்டவர்கள் குன்றக்குறவர். அவர்களுக்கு அவள் யாரெனத் தெரியாது. பொய் கூறி அடையத்தக்க ஊதியமும் இல்லை. பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம் மலைப்பொருள்களைக் காணிக்கையாகச் சுமந்து வந்து, தாம் கண்டதைக் கண்டவாறே கூறுகின்றனர். அக்காணிக்கைப் பொருள்களின் பட்டியலில் மிளகுக் கொடியோடு ஏலக் கொடியும் இடம்பெறுவதை இக்கட்டுரையின் பிற்பகுதிக்காக நினைவில் வைத்தல் வேண்டும். செங்குட்டுவன் குறவர் சொல்லை ஐயுறவில்லை. ஆனால் அதனை மட்டும் கொண்டு அவன் பொருள் விளங்கிக்கொள்ளவும் முடியவில்லை. உடனிருந்த சாத்தனார் மதுரை நிகழ்வை எடுத்துரைத்த பின்னரே காட்சி முழுமையாகிறது. கண்டவர் அறியார், அறிந்தவர் கண்டிலர். ஒருவர்க்கொருவர் தொடர்பில்லாத இருவர் கூற்று ஓரிடத்தில் பொருந்தும்போது எழும் உறுதியையே சேர மன்னன் ஏற்றான்.

இணைய மதிப்புரைகளைப் படிக்கும் தேர்ந்த வாசகர் செய்வதும் இதுவேயாகும். ஒரே நாளில் ஒரே சொற்களில் வந்த இருபது பாராட்டுகளை அவர் ஒன்றாகவே எண்ணுகிறார். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு எழுதிய இருவர் ஒரே குறையைச் சுட்டினால், அவ்விரண்டை அவர் இருபதினும் மேலாகக் கொள்கிறார்.

குமுளிக்கு அருகே பெரியாறு புலிகள் காப்பகத்தினுள், தேனி, இடுக்கி மாவட்டங்களின் எல்லையில் அமைந்த மங்கலதேவிக் கோட்டத்தையே செங்குட்டுவன் எடுத்த கோயிலாகப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் அடையாளம் கண்டார். அதனை ஏற்போரும் கொடுங்கல்லூரை முன்வைப்போரும் உளர். சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் இரு மாவட்ட நிருவாகங்களின் ஏற்பாட்டில் மக்கள் அங்கு மலையேறிச் செல்கின்றனர்.

துண்டுக்குள் விரல்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளி. கொங்கு நாட்டிற்கும் மேலைக் கடற்கரைக்கும் இடையே பொருள் சென்றுவந்த வழி அது; கோவை, பொள்ளாச்சி வட்டாரங்களில் கிடைத்த உரோமானியக் காசுகள் அவ்வழியின் பழமையைச் சொல்லும். இவ்வழியில் நெடுங்காலமாக நடைபெறும் வாணிகங்களுள் ஒன்று கால்நடை வாணிகம். கீழ்ப்புறம் பொள்ளாச்சிச் சந்தை. மேல்புறம் ஒற்றப்பாலத்தை அடுத்த வாணியங்குளத்தில் வியாழன்தோறும் கூடும் சந்தை.

மாடு வாங்குவோன் பார்க்கும் குறிகள் பல. பல்லைப் பிடித்து வயது காண்பர். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது எனக் கணக்கு. சுழி பார்ப்பர். கொம்பின் வளையங்களை எண்ணுவர். பசுவாயின் மடி பார்ப்பர். இக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் அதனைப் பொய்யாக்கும் தந்திரம் ஒன்று உண்டு. கொம்பைச் சீவி வளையத்தை மறைப்பது பழைய வழக்கம். சந்தைக்கு முந்திய வேளைகளில் கறவாமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது இன்னும் பழைய வழக்கம். ஆகவே வாங்குவோன் மாட்டைப் பார்ப்பதோடு, மாட்டைப் பற்றிப் பேசும் தரகனையும் பார்க்கிறான்.

தரகு மாட்டுச் சந்தையின் இன்றியமையாத உறுப்பு. பேரம் முடிந்தால்தான் தரகனுக்குக் கூலி. எனவே முடித்துவிடும் நாட்டம் அவனுக்கு உண்டு. இந்தத் தன்னலத்தை அறிந்தும் உழவர் அவனை நாடியது எதனால்? அடுத்த வியாழக்கிழமையும் அவன் அதே மரத்தடிக்கு வந்தாகவேண்டும் என்பதால். சார்புடையவன் ஆயினும் அவன் ஓடிப்போக முடியாதவன். தான் காட்டும் மாட்டின் குறை ஒன்றைத் தானே முதலில் சொல்லிவிடும் தரகனின் மற்றச் சொற்களுக்கு மதிப்புக் கூடும் என்பதும் சந்தையறிவு. இதனை ஒத்த செய்தியை இணையத்தின் பக்கமிருந்து செவாலியர், மேஸ்லின் என்னும் ஆய்வாளர் இருவர் 2006-இல் வெளியிட்டனர். இணையப் புத்தகக் கடைகள் இரண்டின் மதிப்புரைகளை ஒப்பிட்ட அவர்கள், ஐந்து விண்மீன் பாராட்டு விற்பனையைக் கூட்டுவதைவிட ஒற்றை விண்மீன் பழிப்பு விற்பனையைக் குறைப்பது மிகுதி எனக் கண்டனர். பாராட்டுக்கு உள்நோக்கம் இருக்கலாம் என்னும் ஐயம் வாசகர்க்கு எப்போதும் உண்டு என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

இச்சந்தையின் மற்றோர் இயல்பும் கருதத்தக்கது. விற்போனும் வாங்குவோனும் தோளில் கிடக்கும் துண்டைக் கைமேல் போட்டு, அதன் மறைவில் விரல்களைப் பற்றி விலை பேசுவர். சூழ நிற்போர்க்கு மாடு தெரியும். தரகனின் பேச்சுக் கேட்கும். விலை மட்டும் தெரியாது. பிறர் என்ன விலை மதித்தார் என்பதைப் பார்த்துத் தானும் மதிக்கும் சோம்பலுக்கு இம்முறையில் இடமில்லை. கூட்டத்தின் மதிப்பீடு மறைக்கப்பட்டு, தனியொருவனின் மதிப்பீடு வற்புறுத்தப்பட்ட சந்தை இது. விலை குறைத்துப் பேசுவது வெளித்தெரிந்தால் விற்போனுக்கு மானக்கேடு என்பது ஊரார் கூறும் காரணம். அதுவும் உண்மையே.

ஏலக்காய் ஏலம்

துண்டின் மறைவுக்கு நேர் எதிரானது ஏலம். ஏலம் என்னும் இச்சொல் போர்த்துகீசிய மொழியின் லெய்லாவ் என்பதிலிருந்து வந்தது. ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் அதனினும் மிகப் பழமையானது. வேறுவேறு பிறப்புடைய இரு சொற்கள் ஓரிடத்தில் வந்து கூடியதைப் போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் காணலாம்.

திருவிதாங்கூர் ஏலமலைகளில் பயிரிட்டோருள் பெரும்பகுதியினர் கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த தமிழர். ஆயினும் விளைந்த காயை அவர்கள் தம் விருப்பப்படி விற்க இயலவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. காய் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு ஆலப்புழையில் விற்கப்பட்டது. தரம் காணும் உரிமையும் விலை கூறும் உரிமையும் அரசின் கையில். 1896-இல் இத்தனியுரிமை நீங்கி நிலவரி முறை வந்தது. ஆலப்புழையின் பண்டகசாலைக் காலம் மறைந்தும் அதன் பெயர் மறையவில்லை. இன்றும் ஏலக்காயின் வாணிகத் தரப்பெயர் ‘ஆலப்பி கிரீன்’ என்பதே. இடுக்கியில் விளைந்து, கட்டப்பனையிலோ போடியிலோ கைமாறி, ஆலப்புழையின் மண்ணையே மிதிக்காத காய்க்கும் அவ்வூரின் பெயர் ஒட்டியிருக்கிறது. நம்பிக்கை முதலில் ஓர் இடத்தின்மேல் படிகிறது. பின்னர் இடம் விலகினாலும் பெயர்மேல் தங்கிவிடுகிறது.

1937-இல் வேளாண்பொருள் தரப்படுத்தல், குறியிடல் சட்டம் வந்தது. அக்மார்க் குறியின்கீழ் ஆலப்பி கிரீன் ஏலக்காய்க்கு வகுக்கப்பட்ட தரங்களில் எக்ஸ்ட்ரா போல்டு 7 மில்லிமீட்டர், போல்டு 6, சுப்பீரியர் 5 எனக் காயின் பருமன் வரையறுக்கப்பட்டது. அத்துடன் ‘லிட்டர் எடை’ என்னும் அளவும் சேர்க்கப்பட்டது. ஒரு லிட்டர் கொள்ளளவில் நிறையும் காய் முறையே 435, 415, 385 கிராமிற்குக் குறையலாகாது. இது நுட்பமான ஏற்பாடு. பருமனாகத் தோன்றும் காய் உள்ளே விதை முற்றாமல் வெறுமையாக இருக்கக்கூடும். கண் ஏமாறும், தராசு ஏமாறாது. தோற்றத்தைச் சோதிக்கத் தோற்றமல்லாத ஒன்றை அளவையாகக் கொண்ட முறை அது.

1965-ஆம் ஆண்டின் சட்டப்படி ஏலக்காய் வாரியமும், பின்னர் 1987-இல் அதனையும் உள்ளடக்கிய நறுமணப்பொருள் வாரியமும் அமைந்தன. அதே 1987-இல் வந்த உரிமம், விற்பனை விதிகளின்படி ஏலம் நடத்துவோரும் வாங்கும் வணிகரும் உரிமம் பெறவேண்டியவராயினர். தோட்டக்காரர் தம் காயை ஏலம் நடத்துவோரிடம் ஒப்படைப்பர். ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரி வணிகர்களுக்கு வழங்கப்படும். வணிகர் அதனை உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்ப்பர், குலுக்கி ஓசை கேட்பர், நகத்தால் ஒரு காயைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என நோக்குவர், முகர்வர். இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

முன்னர்க் குரல் வழியே ஏலம் நடந்தது. அக்காலத்தில் ஒரு வணிகர் மாதிரியை மட்டுமன்றி எதிரே அமர்ந்தவரையும் மதிப்பிட்டார். தரமறிந்த பழைய வணிகர் ஒருவர் ஒரு குவியலுக்குத் துணிந்து விலை ஏற்றினால், அவ்வேற்றமே மற்றவர்க்கு ஒரு மதிப்புரை. அவர் உண்மையில் காயை விரும்பினாரா, விலையை உயர்த்திவிட மட்டும் குரல் கொடுத்தாரா என்று பிரித்தறிவது இரண்டாவது திறன். 2007-இல் நறுமணப்பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இடுக்கிப் பகுதி ஏலம் பின்னர்ப் புற்றடியின் நறுமணப்பொருள் பூங்காவிற்கு மாறிற்று. 2021-இல் மேகக்கணிமை வழி நேரலை ஏலமும் வந்தது. போடியிலும் புற்றடியிலும் இருந்தவாறே பங்கேற்க வழி பிறந்தது. முகத்தின் இடத்தைத் திரையின் எண் பிடித்தது. குரல் ஏலத்தில் இருந்த கூட்டுச்சதிக்கு இது தடையாயிற்று என்பர். விற்ற காயே மீண்டும் ஏலத்திற்குத் திரும்பி வருவதாகத் தோட்டக்காரர் கூறிவரும் குறை, அவ்விலையெண் யாருடைய மதிப்பீடு என்னும் வினாவை விட்டுவைத்துள்ளது. 2019 ஆகத்து மாதத்தில் புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டபோது அவ்விலை எல்லாத் தோட்டங்களிலும் பேசப்பட்டது. அவ்விலை பெற்ற காயின் அளவு எவ்வளவு என்பதைக் கேட்டவர் குறைவு.

நிறத்தின் கதை இன்னும் கூரியது. பச்சை நிறம் மாறாத காய்க்கே மதிப்பு என்பது சந்தை வழக்கு. வெயிலில் உலர்த்தினால் நிறம் வெளுக்கும். ஆதலின் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் மனைகளில் அடக்கமான வெப்பத்தில் காயை வாட்டுகின்றனர். கவனமாகப் பதப்படுத்தியமைக்கு நிறம் நல்ல சான்றாகவே இருந்தது. சான்றாக இருந்த காரணத்தாலேயே அது போலியாக்கப்பட்டது. செயற்கை நிறமூட்டிய காய் சந்தைக்கு வந்தது. நறுமணப்பொருள் வாரியமும் உணவுப் பாதுகாப்புத் துறையினரும் எச்சரிக்கை விடுக்கவேண்டியதாயிற்று. மணமோ தோலின் நிறத்தில் இல்லை, விதையில் உள்ள எண்ணெயில் இருக்கிறது. வாங்குவோர் எதனைப் பார்த்து நம்புகின்றனரோ அதுவே பொய்யர் கைக்கு முதலில் செல்லும் என்பதற்கு ஏலக்காயை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இணையத்தில் ‘வாங்கியமை உறுதிசெய்யப்பட்டது’ என்னும் குறிப்புக்கு மதிப்புப் பிறந்ததும், அக்குறிப்பைப் பெறுவதற்காகவே பொருளை வாங்கச்செய்து பணத்தைத் திருப்பித் தரும் தந்திரமும் பிறந்தது. கொம்பைச் சீவிய கையும் இக்கையும் ஒன்றே.

இதற்கு மறுதலையான நிகழ்வும் இம்மலையில் உண்டு. பாம்பாடும்பாறையில் 1956 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. ஆயினும் இடுக்கியின் தோட்டங்களில் மிகப் பரவலாக இடம்பிடித்தது, கட்டப்பனைப் பகுதி உழவர் குடும்பம் ஒன்று தம் தோட்டத்தில் கண்டு தேர்ந்த ஞள்ளானி வகை. அண்டைத் தோட்டத்தார் வந்து பார்த்தனர். தட்டையை வாங்கி நட்டனர். அவர்களைப் பார்த்து அடுத்த மலையினர் நட்டனர். ஞள்ளானியின் பெருமையைச் சொன்னவர்க்கு அதனை விற்பதில் ஊதியமும் இருந்திருக்கக்கூடும். ஆனால் சொன்னவரின் தோட்டம் சொல்லுக்கு அருகிலேயே நின்றது. விரும்பியவர் வேலியோரம் நின்று காய்களை எண்ணிப் பார்க்க முடிந்தது. நன்னூலாரின் நால்வர்க்குரிய அண்மை இது.

இருவகை அளவையும் இன்றைய விதியும்

இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022 நவம்பரில் இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்கான ஐ.எஸ். 19000:2022 என்னும் தரநிலையை அறிவித்தது. மதிப்புரை எழுதுவோர் உண்மையான ஆள்தானா என்று மின்னஞ்சல், தொலைபேசி முதலிய வழிகளில் உறுதிசெய்தல், விலைக்கு எழுதுவித்த உரைகளை வெளியிடாமை, ஒருவர் எழுதியதைத் தளத்தார் திருத்தாமை ஆகியன அதன் கூறுகள். இதனைப் பின்பற்றுவது தளங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டது. அமெரிக்காவில் 2024-இல் பொய் மதிப்புரைகளை வாங்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன.

இவ்விதிகள் பற்றின்மை என்னும் ஒரு பக்கத்தையே காக்கின்றன என்பது கவனத்திற்குரியது. எழுதியவர் மெய்யான ஆளா, கூலி பெற்றாரா என அவை வினவுகின்றன. எழுதியவர் அறிந்தவரா என வினவுவதில்லை. விதியால் அதனை வினவவும் இயலாது. பாண்டியனின் பிழையை அவை தடுக்கும். ஆனால் பாண்டியனின் பிழைக்கு அஞ்சி, நன்னூலார் தேர்ந்த நால்வரையும் வெளியேற்றிவிட்டால் எஞ்சுவோர் குன்றக்குறவர் மட்டுமே: உண்மையாளர், கண்டவர், ஆனால் கண்டது இன்னதென்று அறியாதவர். இணைய மதிப்புரைகளில் பெரும்பாலானவை, பொட்டலம் நேரத்திற்கு வந்தது, நிறம் அழகாக உள்ளது என்னும் அளவில் நின்றுவிடுவதன் காரணம் இதுவாகலாம். அவை பொய்யல்ல. அவற்றை எழுதியோர் வாங்கிய அன்றே எழுதியோர். காயை இடித்துத் தேநீரில் இட்டுப் பார்ப்பதற்கு முன் எழுதியோர்.

இக்கட்டுரையாளர் ஒருமுறை, 8 மில்லிமீட்டர் எனக் குறிப்பிட்ட ஏலக்காயை இணையவழி வாங்கினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாராட்டியிருந்தனர். இடையில் மூன்று விண்மீன் மட்டும் அளித்த ஒருவர், காய் பெரிது, நிறமும் நன்று, ஆனால் உடைத்தால் விதை வெளுத்திருக்கிறது என இரண்டு வரியில் எழுதியிருந்தார். அவ்வரிகளைப் படித்தும் பாராட்டுகளின் எண்ணிக்கையே மேலோங்கியது. வந்த காய் பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தது. உள்ளே விதை வெளுத்திருந்தது. ஐதிகத்தை நம்பி ஆகமத்தைக் கைவிட்ட பிழை விற்றவருடையது மட்டுமன்று.

அந்த மூன்று விண்மீன்காரரின் தகுதி எதில் இருந்தது என்று பின்னர் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அவர் பெயர் புனைபெயர். ஊர் தெரியாது. அவர் எழுதிய பிற மதிப்புரைகளும் சிலவே. எனினும் நகத்தால் காயைப் பிளந்து பார்த்தவர் அவர் ஒருவரே என்பது அவ்விரு வரிகளிலேயே இருந்தது. போடியில் மாதிரிக் காயைக் கையில் ஏந்தும் வணிகர் முதலில் செய்வதும் அதுவே. ஏலம் திரைக்கு மாறி ஆண்டுகள் பல சென்றபின்னும், தாம் காணாத காய்க்கு அவர்கள் பொத்தானை அழுத்துவதில்லை. மாதிரி கைக்கு வந்த பிறகே திரையின் முன் அமர்கின்றனர்.